கோர்ட் நாற்காலியைத் திருப்பிப் பார்க்காது

ஹலோ... ஆங், சொல்லுங்க அத்தான்... கேக்குது, கேக்குது... கத்தாதீங்க, நான் கோர்ட் வராந்தாவுல நிக்கிறேன். பக்கத்துல பத்து வக்கீல் இருக்காங்க, அத்தன பேரும் உங்க கேஸ இப்பவே கேட்டு முடிச்சிட்டாங்க... ஆமா... ஆமா...

ஸ்டேயா... எதுக்கு ஸ்டே... பன்னெண்டு மணிக்குள்ளயா? இப்ப மணி பதினொண்ணு இருபது அத்தான். ஸ்டே என்ன இட்லியா, ஊத்தி மூடி வச்சா பத்து நிமிஷத்துல எடுக்குறதுக்கு... இருங்க, இருங்க. முதல்லருந்து வாங்க. மூச்ச விடுங்க... சத்தம் கேக்கல, நல்லா விடுங்க... ம், இப்ப சொல்லுங்க.

ஆமா, பள்ளிக்கூட நாற்காலி டெண்டர். நாலாயிரம் நாற்காலி. அக்கா ரெண்டு மாசமா போன்ல வேற எதையுமே பேசல, எனக்குத் தெரியாம இருக்குமா... ம்... முந்தாநாள் முடிவு வந்துச்சு... தள்ளிட்டாங்களா? உங்களையா? ... யாருக்குக் கொடுத்தாங்க... வார்னிஷ்காரருக்கா. ஓட்டை இருந்தாலும் வார்னிஷ், விரிசல் இருந்தாலும் வார்னிஷ்னு நீங்கதானே அவருக்குப் பேரே வச்சீங்க. அவருக்கா போச்சு... அடக் கஷ்டமே.

சரி, எதுக்காகத் தள்ளினாங்களாம்... காரணம் இல்லாம இருக்காது, லெட்டர்ல எழுதியிருப்பாங்க. படிங்க... ம்... ம்... "மாதிரி நாற்காலியில் அடையாளம் இருந்தமையால்"... என்ன அடையாளம்...

அத்தான்.

அணிலா?

... உக்காருற பலகைக்கு அடியில அணில் முத்திரைய வச்சே கொடுத்துட்டீங்களா... மாதிரி நாற்காலியில எந்த அடையாளமும் இருக்கக் கூடாது, பதினாலாம் நிபந்தனை, நான்தானே படிச்சுக் காமிச்சேன். சிவப்புப் பென்சில்ல கோடு போட்டுக் கொடுத்தேன். எது யாரோட நாற்காலின்னு தெரியாமப் பாக்கணும்கிறதுக்குத்தான் அந்த நிபந்தனையே. நீங்களும் நல்லா தலைய ஆட்டினீங்க...

சிரிக்கல... இல்ல அத்தான், சத்தியமா சிரிக்கல, இருமல்...

எப்படி ஆச்சு... வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி... அடுப்புல முத்திரை இரும்பு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு... கை தானா எடுத்து வச்சிருச்சா. உங்க கைக்குன்னு தனியா மூளை இருக்கா என்ன... சரி, சரி, கோவிச்சுக்காதீங்க. இருபது வருஷமா பட்டறைய விட்டு வெளிய போற எதையும் அணில் வைக்காம அனுப்பினதில்ல, ஊரே அணில் பட்டறைன்னுதான் சொல்லுது. எல்லாம் வாஸ்தவம். அத நிபந்தனை எழுதினவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது...

ஆமா, சின்ன விஷயம்தான். கட்டவிரல் நகம் அளவு அணில். அதனால நாற்காலி ஒண்ணும் கோணிக்காது, ஒத்துக்குறேன்... ஆனா அது சின்ன விஷயமா பெரிய விஷயமான்னு முடிவு பண்ண வேண்டியது நிபந்தனைய எழுதின ஆபீஸு. கோர்ட்டு இல்ல... இல்லங்குறேன்... நீதிபதி முன்னாடி போய் நின்னா என்ன கேப்பாரு தெரியுமா. நிபந்தனை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியும். எல்லாருக்கும் ஒரே நிபந்தனையா, ஆமா. மீறினீங்களா, மீறினோம். அப்புறம் எதுக்கம்மா வந்தீங்கன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும், எங்க அத்தான் கை தானா போயிடுச்சுங்க ஐயான்னா...

ஒரு நிமிஷம் அத்தான். குமாஸ்தா, எத்தனாவது நம்பர் ஓடுது... இருபத்தி ரெண்டா... நம்மளோடது முப்பத்தேழுதானே, சரி, உள்ளயே நில்லுங்க, கிட்ட வந்தா கைய காட்டுங்க... ஆங், சொல்லுங்க அத்தான்.

எத? ... ரெண்டு நாற்காலியையும் கோர்ட்டுக்குக் கொண்டு வந்து... நீதிபதிய... ரெண்டுலயும் உக்காந்து பாக்கச் சொல்லணுமா. அவருக்கு ஏற்கனவே ஒரு நாற்காலி கொடுத்திருக்காங்க அத்தான்... அது கிறீச்சுங்குதுதான், நானும் கேட்டிருக்கேன், அதுக்காக... இல்ல, கேளுங்க. நல்லா கேளுங்க. எது நல்ல நாற்காலி, எது கெட்ட நாற்காலின்னு கோர்ட் பாக்கவே பாக்காது. நாற்காலியப் பாத்தவங்க ஒழுங்காப் பாத்தாங்களா, எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினாங்களா, அத மட்டும்தான் பாக்கும். முடிவு தப்பா இருந்தாக்கூட, வந்த வழி நேரா இருந்தா கோர்ட் கை வைக்காது...

அநியாயமா? ... என்ன சொன்னீங்க, இது என்ன சட்டம்னா?

அத்தான், உங்க பட்டறைச் சுவத்துல, கடிகாரத்துக்குக் கீழ, கண்ணாடி போட்டு ஒரு காகிதம் தொங்குதே, அது என்ன... ம்... சொல்லுங்க, என்ன... தீர்ப்பு. யாரு கேஸு... உங்க கேஸு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி விடுதிக் கட்டில் டெண்டர் உங்களுக்குக் கிடைச்சப்போ, உங்க விண்ணப்பத்துல ஏழாம் பக்கம் கையெழுத்து இல்லன்னு கோர்ட்டுக்கு வந்தது யாரு... வார்னிஷ். ஒரு கையெழுத்து விட்டுப் போனத மன்னிக்கலாமா கூடாதாங்கிறது டெண்டர் விட்டவங்க பாடு, அதுல கோர்ட்டு பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டு மூக்க நுழைக்கக் கூடாதுன்னு வாதாடினது யாரு... ஆமா, நான்தான். தொண்ட கட்டிப் போச்சு எனக்கு. நீதிபதி வரிக்கு வரி அதையே எழுதிக் கொடுத்தாரு. நீங்க ஃப்ரேம் போட்டீங்க. மூணாவது வரியில தங்கக் கலர்ல கோடு வேற...

இப்ப நான் போய் ஸ்டே கேட்டா வார்னிஷோட வக்கீல் ஒண்ணும் பேச வேண்டாம், அந்த ஃப்ரேமக் கழட்டிட்டு வந்து காமிச்சாப் போதும்... ஆமா... நானே எழுதி வாங்கின தீர்ப்ப நானே எதுத்து நிக்கணும். முகத்த எங்க கொண்டு போய் வச்சுக்குறது...

அப்ப நமக்குச் சரியா இருந்துச்சு, இப்பத் தப்பான்னு நீங்களே யோசிங்க... ம்... யோசிச்சாச்சா... தப்புதானா. சரியாப் போச்சு.

லஞ்சமா... யாரு வாங்கினா, யாரு கொடுத்தா... டீக்கடையில யாரோ சொன்னாங்களா. அந்த யாரோ கோர்ட்டுக்கு வந்து கூண்டுல ஏறிச் சொல்வாரா... மாட்டாரு. அப்ப அத வாயில எடுக்காதீங்க. பேரோட, தேதியோட, ஆதாரத்தோட எழுத முடிஞ்சாத்தான் அத எழுதணும், இல்லன்னா நம்மளத்தான் திருப்பிப் போட்டு வாங்குவாங்க. இன்னொண்ணு, பள்ளிக்கூடம் திறக்க அஞ்சு வாரம்தான் இருக்கு. ஸ்டே கொடுத்தா பிள்ளைங்க தரையில உக்காரணுமான்னு நீதிபதி கேப்பாரா மாட்டாரா... கேப்பாரு. கேக்கணும்...

...

என்ன அத்தான்... பட்டறை ஆளுங்களா...

தெரியும்... ம்... பதினாலு பேரு... தெரியும் அத்தான்... இந்த ஆர்டர் இல்லன்னா ஒண்ணாம் தேதி ஆறு பேர நிறுத்தணும்... பெரிய மேஸ்திரியையுமா? ... அவரு முகத்தப் பாக்க முடியலையா... எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க. என் ஆபீஸ்ல நான் உக்காந்திருக்குறதே உங்க நாற்காலியிலதான், பத்து வருஷமாச்சு, ஒரு அசைவு கிடையாது. உங்களுக்கு வர வேண்டிய ஆர்டர்தான் இது. எனக்கும் தெரியும், அந்த ஆபீஸுக்கும்கூடத் தெரிஞ்சிருக்கும். ஆனா அணிலு...

அது என்ன, டொக் டொக்னு... எங்க இருக்கீங்க நீங்க, பட்டறையிலயா... ஸ்டோர் ரூமா? எந்த ஸ்டோர்... டெண்டர் ஆபீஸோட ஸ்டோரா. அங்க உங்களுக்கு என்ன வேல... ஓ, தள்ளின நாற்காலிய மூணு நாளுக்குள்ள திருப்பி எடுத்துட்டுப் போகணுமா. சரி, எடுத்துட்டுக் கிளம்புங்க... ஸ்டோர்காரர் எங்க... டீ குடிக்கப் போயிருக்காரா. உங்களத் தனியா விட்டுட்டா? தைரியமான மனுஷன்தான்.

என்ன, மெதுவாப் பேசுறீங்க... வார்னிஷோட நாற்காலியும் அங்கதான் இருக்கா... ஆமா, இருக்கும், ஜெயிச்ச மாதிரிய வச்சுக்குவாங்க, நாளைக்கு வர்ற நாலாயிரத்தையும் அதோட ஒப்பிட்டுத்தான் வாங்குவாங்க... ஓஹோ, பன்னெண்டு மணிக்கு அதிகாரியும் வார்னிஷும் வந்து அதுல சீட்டு கட்டிக் கையெழுத்துப் போடுவாங்களா. போட்ட கையோட ஆர்டர். அதான் பன்னெண்டு மணியா...

உக்காந்து பாத்தீங்களா... எதுல... அவரோட நாற்காலியிலயா. ஏன் அத்தான் உங்களுக்கு இந்த வேல... ம்... நல்லா இருக்கா? ... ரொம்ப நல்லா இருக்கா. வயித்தெரிச்சலோட உக்காந்தும் நல்லா இருக்குன்னா நிஜமாவே நல்ல நாற்காலியாத்தான் இருக்கும்...

என்னது... புரியல... திருப்பிச் சொல்லுங்க... பின்னங்கால் உள்பக்கம்... இழைப்புளி ஓடின கோடு எதிர்ப்பக்கமாச் சாயுதா. அதனால... இடது கைக்காரங்க இழைச்சாத்தான் அப்படி வருமா... உங்க பெரிய மேஸ்திரி இடது கைக்காரர். ஆமா, தெரியும், எனக்கு டீ கொடுக்கும்போது கூட... அத்தான், இருங்க. நீங்க சொல்ல வர்றது...

இல்ல.

இல்ல, இருக்காது... வார்னிஷ் ஜெயிச்ச நாற்காலி... உங்க பட்டறை நாற்காலியா?

குமாஸ்தா, இருங்க, வர்றேன்... இருபத்தொம்பதுதானே, இருங்க... அத்தான், நிதானமாச் சொல்லுங்க. அடியில பாத்தீங்களா... அணில் இருக்கவேண்டிய இடத்துல... இழைச்சு எடுத்துட்டு... மூணு பூச்சு வார்னிஷா. அடப்பாவி... உங்க நாற்காலி எப்படிக் கிடைச்சிருக்கும் அவருக்கு... அக்காவா? அக்கா வித்தாளா? ... போன மாசம் பேரமே பேசாம ஒத்த நாற்காலி வாங்கிட்டுப் போனாரே, அந்த ஆளா... அவரு வார்னிஷ் அனுப்பின ஆளா... எனக்கும் போன் போட்டுச் சொன்னா அக்கா, தங்கமான மனுஷன், சொன்ன விலையக் கொடுத்துட்டுப் போறாரு, இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரான்னு. அரை மணி நேரம் சொன்னா... பில்லுல பேரு... எழுதலையா. தங்கமான மனுஷன்கிட்ட பேரு எதுக்குன்னு விட்டுட்டாளா. சரி, சரி, அவகிட்ட இப்ப சண்ட போடாதீங்க.

அதாவது, உங்க நாற்காலிகிட்ட உங்க நாற்காலி தோத்துப் போச்சு... இப்ப சிரிக்கிறேன் அத்தான், இப்ப நிஜமாவே சிரிக்கிறேன், மன்னிச்சிருங்க... அணிலோட வந்ததத் தள்ளிட்டு, அணில் இல்லாம வந்ததுக்குக் கொடுத்திருக்காங்க. ஆபீஸ்காரங்க கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுத்தான் பாத்திருக்காங்க, நல்ல நாற்காலியத்தான் எடுத்திருக்காங்க. ஆளத்தான் மாத்திப் புடிச்சிட்டாங்க.

சரி, சிரிப்பு போதும். இப்ப வேலைக்கு வருவோம். இது வேற கேஸு அத்தான். இப்ப நான் நிமிந்து பேசலாம். ஒன்பதாம் நிபந்தனை ஞாபகம் இருக்கா... இல்லையா, அதுக்கும் கோடு போட்டேன், பச்சைப் பென்சில்... மாதிரிய சொந்தப் பட்டறையில செஞ்சேன்னு எழுதிக் கொடுக்கணும். வார்னிஷும் எழுதிக் கொடுத்திருப்பாரு. அது பொய்னா டெண்டரே போச்சு. ஆனா இழைப்பு சாயுதுன்னு சொன்னா நம்புவாங்களா... ஊர்ல ஒரே ஒரு இடது கைதான் இருக்கான்னு கேப்பாங்க. வேற ஏதாவது இருக்கா, கண்ணுக்குத் தெரியிற மாதிரி...

உள்ள ஒண்ணா? என்ன உள்ள... இன்னொரு அணிலா? ... ரெண்டு அணில் வைக்கிறீங்களா ஒவ்வொரு நாற்காலிக்கும்... வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு... பலகைக்கு அடியில, காலையும் சட்டத்தையும் சேத்துப் பிடிக்கிற மூலைக் கட்டை இருக்குல்ல, அதோட பின்பக்கத்துல. கட்டையக் கழட்டினாத்தான் தெரியும்... எத்தன வருஷமா... அக்காவுக்குத் தெரியுமா... மேஸ்திரிக்கு? ... யாருக்குமே தெரியாதா. ஏன் அத்தான்... என்னிக்காவது இப்படி ஒருத்தன் வருவான்னு... அது சரி. இத்தன நாளா உங்கள வெகுளின்னு நினைச்சுட்டேன்.

அப்ப நல்லா கேட்டுக்கோங்க. இப்பவே ஒரு வெள்ளக் காகிதம் எடுங்க... எதுலயாவது எழுதுங்க, லெட்டர் பின்னாடியே எழுதுங்க. ஜெயிச்ச மாதிரி நாற்காலி என் பட்டறையில செஞ்சது, அந்த மூலைக் கட்டைக்குப் பின்னாடி என் முத்திரை இருக்கு, அதிகாரி முன்னாடி, ரெண்டு தரப்பும் இருக்கும்போது, கழட்டிப் பாக்கக் கேட்டுக்குறேன். அவ்வளவுதான். திட்டாதீங்க. எழுதிக் கொடுத்து, வாங்கினோம்னு சீல் வாங்கிக்குங்க. அவங்க பாத்தாங்கன்னா முடிஞ்சது. பாக்காமக் கையெழுத்துப் போட்டா அந்தக் காகிதத்தத் தூக்கிட்டு என்கிட்ட வாங்க, சாயந்தரத்துக்குள்ள மனு போடறேன். நாற்காலிய கோர்ட் திருப்பிப் பாக்காது அத்தான். ஆனா திருப்பிப் பாருங்கன்னு எழுதிக் கொடுத்தும் பாக்க மாட்டேன்னு ஒரு ஆபீஸு சொன்னா, ஏன் பாக்கலன்னு கேக்கும். அதுக்குத்தான் கோர்ட்டு...

ஆமா... ஆமா... முக்கியமா ஒண்ணு. நீங்க அதத் தொடக் கூடாது. விரல் கூடப் படக் கூடாது. நீங்க தனியா இருக்கும்போது கட்டை கழண்டுதுன்னா, அணில இப்பதான் நீங்க வச்சீங்கன்னு வார்னிஷ் சொல்லிடுவாரு. யாரு சாட்சி உங்களுக்கு... புரியுதுல்ல... என்ன, சத்தத்தையே காணோம்...

அத்தான்.

அத்தான், கையில என்ன வச்சிருக்கீங்க... பொய் சொல்லாதீங்க. மத்தவங்க பாக்கெட்டுல பேனா வச்சுக்குற மாதிரி நீங்க திருப்புளி வச்சுக்குற ஆளு, எனக்குத் தெரியாதா... கழட்டியாச்சா? எத்தன ஆணி... ரெண்டுமா. எப்ப... நான் ஒன்பதாம் நிபந்தனையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தப்பவா. அப்ப முன்னாடி கேட்ட டொக் டொக், பலகையத் தட்டிப் பாத்ததா... ஐயோ கடவுளே... கட்டைய எடுத்துட்டீங்களா... இல்லையா, இன்னும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கா. சரி, அணிலப் பாக்கல. பாக்காதீங்க. நல்லது. ஆணிய மறுபடி முடுக்குங்க. முடுக்கிட்டு, அதிகாரி வந்ததும் நீங்களே சொல்லிடுங்க, சந்தேகப்பட்டு ஆணியத் தளர்த்தினேன், கட்டைய எடுக்கலன்னு. மறைக்காதீங்க, மறைச்சா அதுவே நம்ம கழுத்துக்கு வரும்... ஆணி எங்க... உருண்டு போச்சா. எங்க உருண்டு போச்சு... பீரோவுக்கு அடியிலயா. குனிஞ்சு எடுங்க அத்தான், போனக் கீழ வைக்காதீங்க... கை எட்டலையா... அளவுகோல் ஏதாவது...

என்ன... வர்றாங்களா? இப்பவா? மணி இன்னும் பன்னெண்டு ஆகலையே... எந்திரிங்க, எந்திரிச்சு நில்லுங்க, சட்டையத் தட்டிக்குங்க. அந்த நாற்காலியில யாரையும் உக்கார விடாதீங்க, கேட்டீங்களா, கட்டை இல்லாமக் கால் நிக்காது... அத்தான்... அத்தான்...

குமாஸ்தா, இங்க வாங்க. சத்தம் போடாதீங்க. எங்க அத்தான் போனக் கட் பண்ணாம பாக்கெட்டுல போட்டுட்டாரு... ஆமா, எல்லாம் கேக்குது. காதக் கொடுங்க... காலடிச் சத்தம், மூணு பேரு... இது வார்னிஷ் குரல், தேன் ஒழுகுது பாருங்க... மூச்சு வாங்குறது அதிகாரியா இருக்கும், ரெண்டு மாடி ஏறி வந்திருக்காரு... வணக்கம் சொல்றாரு எங்க அத்தான்... சொல்லுங்க அத்தான், ஆணி கழட்டினதச் சொல்லுங்க, வாயத் திறங்க... ம்ஹூம், வார்னிஷ் பேச விட மாட்டேங்குறாரு... என்ன, ஏதோ இழுக்குற சத்தம்... நம்ம நாற்காலியிலயே உக்காருங்க சார்ங்குறாரு வார்னிஷ். ஐயய்யோ. அத்தான், உக்கார விடாதீங்க, அத்தான்... கத்தி என்ன பண்றது, பாக்கெட்டுக்குள்ள இருந்து யாருக்குக் கேக்கும்...

...

கேட்டுச்சா குமாஸ்தா... ஆமா. விழுந்துட்டாரு.

ஹலோ... அத்தான், எடுத்துட்டீங்களா... அவருக்கு அடி பட்டுச்சா... தூக்கி விடுங்க முதல்ல... ஒண்ணும் இல்லையே, நல்லா நிக்கிறாரா... அப்பாடா. உயிரே போச்சு எனக்கு... என்ன... மெதுவா, மெதுவாச் சொல்லுங்க... வார்னிஷ் என்ன சொன்னாரு?

இது என் நாற்காலியே இல்லன்னா?

அவரே சொன்னாரா... அதிகாரி முன்னாடியா... ஸ்டோர்காரரும் கேட்டாரா... எத்தன தடவ... மூணு தடவ. யாரோ மாத்தி வச்சிட்டாங்க, நான் செஞ்சதே இல்ல, நான் இத செய்யவே இல்லன்னு... அத்தான், அப்படியே எழுதி வாங்குங்க. இப்பவே. சூடு ஆறுறதுக்குள்ள... கட்டை எங்க... தரையில விழுந்து கிடக்கா... அணில்... மேல பாத்துக்கிட்டு இருக்கா. அதிகாரியே குனிஞ்சு எடுத்தாரா... நல்லா இருக்கீங்களா சார்னு கேளுங்க அவர, பாவம்... அப்புறம்... சீட்டக் கிழிச்சிட்டாரா. ஆர்டர் இன்னிக்குக் கிடையாதா. திரும்ப எல்லாத்தையும் பாக்கணும்னாரா... குமாஸ்தா, கேட்டீங்களா. நான் நாள் முழுக்கத் தலைகீழா நின்னாலும் கிடைக்காத ஸ்டே. மனுஷன் ஒரே ஒரு தடவ உக்காந்தாரு, கொடுத்துட்டாரு.

ஆங், அத்தான்... உங்களக் கேக்குறாரா, இது யாரு அணில்னு... சொல்லுங்க. தைரியமாச் சொல்லுங்க, என் அணில், என் பட்டறை, என் மேஸ்திரி கைன்னு... சொல்லிட்டீங்களா. நல்லது. ஆணியப் பத்தியும்... அத நானே எழுதித் தர்றேன், சாயந்தரம் பொறுமையா... எதுக்கு மூச்சு இப்படி வருது உங்களுக்கு... என்ன சொன்னாரு அவரு...

இவ்வளவு மட்டமான நாற்காலியா உங்களதுன்னாரா... விடுங்க... விழுந்த மனுஷன், வலியில சொல்லியிருப்பாரு... உக்காந்ததும் உடையிறத வச்சுக்கிட்டா டெண்டருக்கு வந்தீங்கன்னு... விடுங்க அத்தான், கேட்டுக்கிட்டு நில்லுங்க, ஜெயிச்சிட்டு இருக்கோம்... அத்தான், அந்தத் திருப்புளிய வெளிய எடுக்காதீங்க... அத்தான், கத்தாதீங்க... சொல்லணும்தான், நான்தான் சொல்லச் சொன்னேன், ஆனா இப்படியா, திருப்புளிய ஆட்டிக்கிட்டா... என் நாற்காலி நூறு வருஷம் நிக்கும், நான் ஆணியக் கழட்டினதாலதான்யா விழுந்துச்சுன்னு... முடிஞ்சுது. சொல்லிட்டாரு.

... என்ன ஆச்சு... மறுபடி எத இழுக்குறீங்க... ஹலோ...

எதுல? ... தள்ளி வச்ச உங்க நாற்காலிய இழுத்துப் போட்டு... அதிகாரிய உக்காரச் சொன்னீங்களா. இப்பத்தான் விழுந்தவர... உக்காந்துட்டாரா? ... அசையலையா... ஒரு கிறீச்சு கூட இல்லையா... சாஞ்சு பாத்தாரா... எந்திரிக்கவே மாட்டேங்குறாரா... ம்... கீழ குனிஞ்சு பாக்குறாரா, அணிலையா... அத்தான், சிரிக்கிறாரா முறைக்கிறாரா, அத மட்டும் சொல்லுங்க... அத்தான்... ஹலோ... ஹலோ...

கட்டாயிருச்சு.

வர்றேன், வர்றேன், முப்பத்தேழுன்னு எனக்கும் கேட்டுச்சு. ஃபைலக் கொடுங்க... இருங்க குமாஸ்தா, சாயந்தரத்துக்கு வக்காலத்து ஃபாரம் ரெண்டு எடுத்து வைங்க... ஆமா, ரெண்டு. ஒண்ணு அவரு போடப் போற கேஸுக்கு. இன்னொண்ணு அவரு மேல வரப் போற கேஸுக்கு.